"கிளச் போயிட்டு" என்று சொல்லுமுன்: உழவு மெஷின் கிளச் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிப்பது

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் திருகோணமலைப் பக்கம் கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று எல்லாப் பக்கமும் மெஷின்கள் ஒரே நேரத்தில் வயலுக்குள் இறங்கும். அடுத்த இரண்டு கிழமைக்குள் என் கராச் வாசலில் யாராவது வந்து, "ஐயா, கிளச் போயிட்டு" என்பார்கள். போய்ப் பார்த்தால் பாதிக்குப் பாதி கிளச் போயிருக்காது. மிதி கிறீஸ் காணாமல் இறுகியிருக்கும், மிதியைக் கிளச்சோடு இணைக்கும் கம்பியில் உள்ள பின் (pin) தேய்ந்திருக்கும், கிளச் கூட்டின் அடி ஓட்டையில் சேறு அடைத்திருக்கும். இல்லாவிட்டால், பழைய மெஸி பேர்குசன் மெஷினில் இருபது வருஷம் பழகிய கால் புது மெஷினிலும் அதே வேலையை எதிர்பார்த்திருக்கும்.

கிளச் மாற்றுவதென்றால் மெஷினை நடுவால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். விதைப்பு நேரத்தில் அதற்குப் போகும் நாட்கள் சாமான் விலையை விட வலிக்கும். அதனால் பிரிக்குமுன் செய்யக்கூடிய சோதனைகளை, காசில்லாததில் தொடங்கி எழுதுகிறேன். எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

## எல்லாவற்றுக்கும் முதல்: உங்கள் மிதி எந்த வகை?

இது தெரியாமல் கீழே உள்ள எதையும் தொட வேண்டாம். நம் பக்கம் ஓடுபவை மூன்று வகை.

பழைய இரட்டைக் கிளச். மெஸி பேர்குசன் 35, 135, 240 போன்றவற்றில் பெரும்பாலும் இதுதான். ஒரு மிதிக்கு இரண்டு வேலை. பாதி அமத்தினால் சில்லுக்குப் போகும் இழுவை நிற்கும். முழுவதும் அமத்தினால் பிடிஓவும் (பின்னால் பூட்டும் கருவியைச் சுற்றவைக்கும் தண்டு, PTO) நிற்கும். பின் கருவியைத் தூக்கும் லிஃப்டுக்கு ஒயில் தள்ளும் பம்பும் அதே தண்டில் ஓடுவதால் அதுவும் நிற்கும்.

ஒற்றைக் கிளச், தனிப் பிடிஓ. புதிதாக வந்த பல மெஷின்களில் மிதி சில்லை மட்டும்தான் நிறுத்தும். பிடிஓவுக்கு வேறு லீவர் அல்லது சுவிட்ச் இருக்கும். நீங்கள் மிதியை அடி வரை அமத்தினாலும் ரொட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கத்திகள்) சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒயிலுக்குள் ஓடும் கிளச். முன்னுக்கும் பின்னுக்கும் போக ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கும், மிதியைத் தொடாமலே திசை மாற்றலாம். உள்ளே பல தட்டுகள் ஒயிலில் நனைந்தபடி வேலை செய்யும். அவற்றை அமத்துவது ஒயில் அழுத்தம், அதை ஆள்வது கரண்டு வால்வு.

இரண்டாவது வகையைப் பற்றி ஒரு வார்த்தை. மெஸியிலிருந்து அதற்கு மாறிய ஒருவர், சேற்றில் ரொட்டவேட்டரில் சிக்கிய கயிற்றை எடுக்க, மிதியை அடி வரை அமத்தி வைத்துக்கொண்டு உதவிக்கு வந்த பையனைக் கீழே அனுப்பினார். கத்தி சுற்றிக்கொண்டே இருந்தது. பையன் கையை நீட்டுவதற்குள் வரம்பில் நின்ற ஒருவர் கத்தியதால் தப்பினான். எந்த மெஷினாக இருந்தாலும் பிடிஓவை லீவரால் எடுத்து, எஞ்சினை நிறுத்தி, தண்டு நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையை வையுங்கள்.

## அறிகுறி 1: எஞ்சின் கத்துது, மெஷின் இழுக்குதில்லை

### முதலில், வழுக்குவது கிளச்தானா?

சேற்றில் நிற்கும்போது பின் சில்லைப் பாருங்கள். சில்லு சுற்றி மெஷின் நகராவிட்டால் அது சேற்றின் பிரச்சினை, கிளச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாரம் ஏறும்போது எஞ்சின் சத்தம் இறங்கி, புகை கக்கி, நின்றுபோகப் பார்த்தால் டீசல் ஃபில்டரையும் ஏர் கிளீனரையும் பாருங்கள். கிளச் வழுக்கினால் அடையாளம் வேறு: எஞ்சின் சத்தம் ஏறும், சில்லு வேகம் ஏறாது, கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகியது போல ஒரு நாற்றம் வரும்.

உறுதி செய்ய ஒரு சோதனை. சமதரை, பெட்டியோ கலப்பையோ இல்லை, முன்னுக்கும் பின்னுக்கும் ஆள் இல்லை. இரண்டு பிரேக் மிதியையும் கொக்கியால் ஒன்றாக்கி இறுக்க அமத்துங்கள், கைப்பிரேக்கும் போடுங்கள். உயர்ந்த கியரில் போட்டு, எஞ்சினை நடுத்தர வேகத்தில் வைத்துக் கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி நின்றால் கிளச் பிடிக்கிறது. பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் வழுக்குகிறது. இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், அந்தச் சோதனையே கிளச்சுக்குள் பிடித்து இழுக்கும் பிளேட்டை எரித்துவிடும். ஒயில் கிளச் மெஷினில் இதைச் செய்யவே வேண்டாம்.

### வழுக்குகிறது என்றால், இந்த வரிசையில் பாருங்கள்

கால். ஓட்டும்போது இடது கால் மிதி மேல் ஓய்வெடுக்கிறதா? அந்தப் பாரமே பிளேட்டைப் பாதி விட வைக்கும். வரம்பு ஏறும்போது பாதி மிதியில் பிடித்து நிற்பதும் அப்படித்தான். ஓட்டுபவருக்கு இது தெரியாது, பக்கத்தில் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

மிதியின் சும்மா போகும் தூரம். எஞ்சினை நிறுத்தி, மிதி பக்கத்தில் ஒரு அடிக்கோலை நிறுத்திக் கையால் மெதுவாக அமத்துங்கள். பாரம் தெரியத் தொடங்கும் வரை மிதி எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. பெரும்பாலான மெஷின்களில் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மெஷினோடு வந்த புத்தகம் வேறு சொன்னால் புத்தகத்தைக் கேளுங்கள். பிளேட் தேயத் தேய இந்தத் தூரம் குறையும். அது இல்லாமல் போனால் ரிலீஸ் பெயாரிங் (மிதி அமத்தும்போது உள்ளே தள்ளும் பெயாரிங்) கிளச்சை விடுவிக்கும் விரல்களை எந்நேரமும் அமத்திக்கொண்டே இருக்கும், நல்ல பிளேட்டும் வழுக்கும். கம்பியில் உள்ள லொக் நட்டைத் தளர்த்தி நீளத்தைச் சரிசெய்து இறுக்குங்கள். ஒரு ஸ்பானர், பத்து நிமிஷம். என்னிடம் வரும் வழுக்கல்களில் நிறைய இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

மிதி முழுவதும் திரும்பி வருகிறதா? காலை எடுத்ததும் டக்கென்று மேலே வர வேண்டும். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை போலக் கடலோரத்தில் நிற்கும் மெஷின்களில் மிதித் தண்டு உப்புக் காற்றால் இறுகிவிடும். கிறீஸ் நிப்பிள் இருந்தால் பழைய கிறீஸ் வெளியே தள்ளும் வரை அடியுங்கள். நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றிக் கழுவுங்கள். திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் இடத்தில் ரப்பர் பட்டி கட்டியிருந்தால் அதை எறிந்துவிட்டு ஸ்பிரிங் வாங்கிப் போடுங்கள்.

ஒயில். கிளச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பழைய மெஷின்களில் அதில் ஒரு பிளவுப் பின் தொங்கும், அது ஆடி ஆடி ஓட்டையை அடைக்காமல் வைத்திருக்கும். சில மெஷின்களில் அந்த இடத்தில் கழற்றிப் பூட்டும் பிளக் இருக்கும். சேற்றில் உழும் மெஷினில் அந்த ஓட்டை அடைத்தே கிடக்கும். கம்பியால் குத்தித் திறந்து, கீழே ஒரு வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். ஒன்றும் வராவிட்டால் நல்லது. தண்ணீர் வந்தால் வடிய விட்டு, மெதுவாக ஓட்டிக் காய விட்டுப் பாருங்கள். ஒயில் வந்தால் நிறத்தைப் பாருங்கள். கறுப்பாக, தண்ணியாக இருந்தால் எஞ்சினின் பின் ஒயில் சீல். தடிப்பாக, நிறம் மாறாமல் இருந்தால் கியர்ப் பெட்டிப் பக்கச் சீல்.

ஒயில் வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், பிரித்துத்தான் ஆக வேண்டும். பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் உறிஞ்சிய ஒயில் சூடானதும் திரும்ப வெளியே வரும். மூதூரிலிருந்து வந்த ஒரு காக்கா வேறொரு இடத்தில் புதுப் பிளேட்டே போட்டிருந்தார். சீலை மட்டும் மாற்றவில்லை. பத்து நாளில் புதுப் பிளேட்டும் நனைந்து, மெஷின் இரண்டாம் முறை பிரிந்தது. சாமான் காசும் கூலியும் அவருக்கு இரண்டு தரம் போனது, அதை விட, பக்கத்து வயல்கள் பச்சையாகும்போது அவர் கண்டம் உழாமல் கிடந்தது.

தேய்ந்த பிளேட். தூரம் சரிசெய்தும், மிதி நன்றாக வந்தும், ஒயில் இல்லாமலும் வழுக்கினால் பிளேட் முடிந்துவிட்டது, அல்லது அதை அமத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. கம்பியில் சரிசெய்ய நூல் மிச்சமில்லை என்றாலும் இதே முடிவுதான். பிரித்த பிறகு ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.3 மில்லிமீட்டருக்குக் குறைவாக நின்றால் திரும்பப் போடக்கூடாது.

## அறிகுறி 2: கியர் போடும்போது கறகற, அமத்தினாலும் மெஷின் ஊருது

இது முதல் அறிகுறிக்கு நேர் எதிர். கிளச் விடவில்லை.

முதலில் அதே அடிக்கோல். சும்மா போகும் தூரம் 40, 50 மில்லிமீட்டர் என்று கூடியிருந்தால் மிதி அடி வரை போனாலும் பெயாரிங் போதிய தூரம் தள்ளாது. சரிசெய்யுங்கள். சரிசெய்தும் இரண்டு நாளில் திரும்பக் கூடினால், மிதிக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள பின்னையும் அது போகும் ஓட்டையையும் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை மாதிரி நீண்டிருக்கும். பின் மலிவு. ஓட்டை பெருத்திருந்தால் வெல்டிங் அடைத்துத் துளைக்கலாம். மிதித் தண்டின் புஷ் தேய்ந்து மிதி பக்கவாட்டில் ஆடினாலும் தூரம் அதிலேயே வீணாகும்.

மிதி சரி, கம்பி சரி, ஆனாலும் கறகற என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது: வளைந்த பிளேட், உடைந்த விரல், பெயாரிங்கைத் தள்ளும் ஃபோர்க் வளைந்திருப்பது. அதற்கு மெக்கானிக் வேண்டும். அதுவரை கியரை அடித்து அடித்துப் போட்டு ஓட்ட வேண்டாம். கிளச்சோடு முடிய வேண்டிய செலவு கியர்ப் பெட்டிக்குள் போய்விடும்.

## அறிகுறி 3: மழைக்குப் பிறகு எடுத்தால் கிளச் விடவே இல்லை, பிளேட் ஒட்டிவிட்டது

நம் மாவட்டத்துக்கென்றே வரும் கோளாறு இது. விதைப்பு முடிந்து மெஷின் மாரி முழுவதும் கொட்டிலில் நிற்கும். மாசி, பங்குனியில் அறுவடைக்கு எடுத்தால் பிளேட் துருவால் பிளைவீலோடு (எஞ்சின் பின்னால் சுற்றும் கனமான சில்லு) பிடித்திருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வெள்ளம் வெருகல், மூதூர்ப் பக்கம் ஏறிய பிறகு இதைக் கேட்டு வந்தவர்கள் அதிகம்.

வெள்ளத்தில் மூழ்கிய மெஷின் என்றால் முதலில் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். எஞ்சின் ஒயிலையும் கியர் ஒயிலையும் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கிளச்சை விட அது பெரிய வேலை, மெக்கானிக் வரட்டும்.

ஒயில் சுத்தம் என்றால் அடி ஓட்டையைத் திறந்து தண்ணீரை வடிய விடுங்கள். மிதியை அடி வரை அமத்தி, சீட் சட்டத்துக்கும் மிதிக்கும் நடுவே ஒரு பலகைத் துண்டை முட்டுக் கொடுத்து இரவு முழுவதும் வையுங்கள். காலையில் நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் சூடாக்கி நிறுத்துங்கள். சில தரம் இவ்வளவிலேயே விட்டுவிடும்.

விடாவிட்டால், இரும்புப் பாரால் வேறொரு மெஷினோடு இணைத்து வெட்டை நிலத்துக்குக் கொண்டுபோங்கள். எஞ்சின் நின்றபடி, உயர்ந்த கியர், மிதி அடி வரை. நடக்கும் வேகத்தில் இழுத்தால் ஒரு குலுக்கோடு பிளேட் பிரியலாம். கயிற்றால் இழுக்க வேண்டாம். ஒட்டியது விட்டதும் பின் மெஷின் ஓடி வந்து முன் மெஷினில் மோதும்.

பல மெஷின்களில் கியர் விழுந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைச் சுற்றிவளைத்து, ஸ்டார்ட்டர் மோட்டரின் இரண்டு முனையிலும் ஸ்குரூ டிரைவரை வைத்துக் கீழே நின்றபடி ஸ்டார்ட் பண்ணும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. கிளச் ஒட்டிய மெஷினில் அப்படிச் செய்தால், ஸ்டார்ட் ஆன அந்த நொடியே பின் சில்லு உங்கள் மேல் ஏறும். தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு தரம் இழுத்தும் விடாவிட்டால் பிரிப்பதுதான் வழி.

அடுத்த மாரிக்கு மெஷினை நிறுத்தும்போது அதே பலகைத் துண்டை மிதிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். பிளேட் பிளைவீலைத் தொடாமல் நின்றால் ஒட்டாது.

## அறிகுறி 4: ரொட்டவேட்டரும் லிஃப்டும் சேர்ந்து படுத்தும்பாடு

- இரட்டைக் கிளச் மெஸியில், மிதி அடியில் இருக்கும்போது லிஃப்ட் தூக்கவில்லை. கோளாறே இல்லை. பம்ப் நின்றிருக்கிறது. பாதி மிதிக்கு விடுங்கள், தூக்கும்.
- மெஷின் நன்றாக இழுக்குது, ரொட்டவேட்டர் மட்டும் பாரத்தில் மெதுவாகுது. முதலில் ரொட்டவேட்டரின் சொந்தப் பாதுகாப்புக் கிளச்சைப் பாருங்கள், தண்டில் இருக்கும். அது சரி என்றால் பிடிஓவுக்கான இரண்டாம் பிளேட் வழுக்குகிறது.
- அடி வரை அமத்தியும் பிடிஓ லீவர் கறகற என்று விழுகிறது. அமத்தி மூன்று நான்கு செக்கன் பொறுத்துப் போட்டுப் பாருங்கள். அப்படியும் கத்தினால் பிடிஓ பக்க இடைவெளி கூடிவிட்டது. அதை இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து மூன்று இடத்திலும் ஒரே அளவாக வைக்க வேண்டும். கண் மதிப்பில் திருகினால் பிளேட் சரிந்து நிற்கும், தெரிந்தவரிடம் விடுங்கள்.
- தனிப் பிடிஓ மெஷினில் மிதி அமத்தியும் ரொட்டவேட்டர் நிற்கவில்லை. மேலே சொன்னதுதான், அது அப்படித்தான் செய்யப்பட்டது.

## அறிகுறி 5: உதறி உதறி எடுக்குது

விலையில்லாத காரணம் ஒன்றுதான்: எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் சேர்க்கும் போல்ட்டுகள், முன் அச்சுப் போல்ட்டுகள் தளர்ந்திருப்பது. இறுக்கிப் பாருங்கள். அதுவும் சரி என்றால் லைனிங்கில் கொஞ்சம் ஒயில், பிளேட் நடுவில் உள்ள ஸ்பிரிங் உடைவு, விரல்களின் உயரம் சமமில்லாமை, அல்லது பிளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்பு. நான்கும் உள் வேலை. உதறலோடு ஒரு போகத்தை ஓட்டி முடிக்கலாம். ஆனால் ஸ்பிரிங் உடைந்த கிலுகிலுச் சத்தம் கேட்டால் நிறுத்துங்கள், உடைந்த துண்டு உள்ளே சுற்றும்.

## அறிகுறி 6: சத்தம்

காதை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். மெஷின் நியூட்ரலில் ஓடட்டும்.

மிதியை லேசாகத் தொட்டதும் கீச்சென்று தொடங்கினால் ரிலீஸ் பெயாரிங். மிதியை விட்டிருக்கும்போது இருந்த உறுமல், அமத்தியதும் நின்றால் கியர்ப் பெட்டியின் முன் தண்டுப் பெயாரிங். கியர் போட்டு, அடி வரை அமத்தியிருக்கும்போது மட்டும் கத்தினால் பிளைவீல் நடுவில் இருக்கும் சின்னப் பெயாரிங். மூன்றையும் வெளியிலிருந்து சரிசெய்ய முடியாது. ரிலீஸ் பெயாரிங் கீச்சுக்கு ஒரு வழி உண்டு: சும்மா போகும் தூரத்தைச் சரிசெய்து, காலை மிதியிலிருந்து எடுத்தால் அறுவடை வரை தாக்குப்பிடிக்கும்.

## அறிகுறி 7: மிதி பஞ்சு மாதிரி இறங்குது

கம்பிக்குப் பதில் திரவத்தால் வேலை செய்யும் மிதிகளுக்கு மட்டும். டப்பாவில் திரவம் குறைந்திருக்கிறதா, மேல் சிலிண்டர், கீழ்ச் சிலிண்டர் இரண்டின் பக்கமும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். நாலைந்து தரம் வேகமாக அமத்தியதும் மிதி கெட்டியானால் உள்ளே காற்று. கீழ் நிப்பிளைத் திறந்து காற்றை எடுக்க இரண்டு பேர் போதும். அமத்திப் பிடித்திருக்கவே மெல்ல மெல்ல அடிக்குப் போனால் சிலிண்டர் ரப்பர் முடிந்துவிட்டது.

டப்பா மூடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் ஊற்ற வேண்டாம். சில மெஷினுக்குப் பிரேக் ஒயில், சில மெஷினுக்குக் கனிம ஒயில். மாறி ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதி, முழுத் தொகுதியும் மாற்ற வேண்டிவரும்.

## அறிகுறி 8: புது மெஷின், லீவரைத் தள்ளினாலும் நகருதில்லை

ஒயில் கிளச் மெஷினில் நகராமைக்கு முக்கால்வாசிக் காரணம் கிளச்சுக்கு வெளியே இருக்கிறது. சீட்டில் ஒழுங்காக இருக்கிறீர்களா, கைப்பிரேக் முழுவதும் எடுபட்டதா, லீவரை ஒருமுறை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து திரும்பத் தள்ளினீர்களா என்று பாருங்கள். பிறகு கியர் ஒயில் அளவு, ஃபில்டர், ஃபியூஸ். அடுத்தது மிதிக்கு மேல் இருக்கும் சென்சரின் வயர்ப் பிளக். கடலோரத்தில் அதன் ஊசிகள் பச்சை பிடித்திருக்கும். பட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் சுத்தம் செய்து பூட்டுங்கள். டாஷ்போர்டில் எண் ஏதும் மின்னினால் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

இதற்கு மேல் கம்பனி ஆள்தான். கிளச் எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை ஸ்பானரால் முடியாது. இந்த மெஷின்களில் வேறு கியர் ஒயிலை "எல்லாம் ஒயில்தானே" என்று ஊற்றினால் தட்டுகள் வழுக்கி எரியும். தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது, எஞ்சின் ஓடினால்தான் தட்டுகளை அமத்த அழுத்தம் வரும்.

## பிரிப்பது என்று முடிவானால்

வயலில் வைத்துப் பிரிக்க விட வேண்டாம், சீமெந்துத் தரை வேண்டும். முன் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் மர ஆப்பு வைக்காவிட்டால், பிரிந்த எஞ்சின் பக்கவாட்டில் சரியும். ஆப்பு அடிக்காமல் போல்ட்டைத் தளர்த்தும் ஆளிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள். பழைய பிளேட்டுகளின் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருந்தது, அதனால் உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊத விட வேண்டாம். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்.

பிளேட்டோடு ரிலீஸ் பெயாரிங், பிளைவீல் பெயாரிங், இரண்டு பக்க ஒயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்து வாங்குங்கள். இரட்டைக் கிளச் என்றால் பிடிஓ பிளேட்டையும் வாங்குங்கள். இவற்றில் ஒன்றுக்காகத் திரும்பப் பிரித்தால் கூலி முழுவதும் இன்னொரு தரம்.

## அறிகுறி 9: புதுக் கிளச் போட்ட அன்றே கோளாறு

பூட்டியதும் விடவில்லை என்றால் பிளேட் முன்பின்னாகப் போயிருக்கலாம். நடுக் குமிழ் நீண்ட பக்கம் எந்தப் பக்கம் என்று பழைய பிளேட்டைக் கழற்றும்போதே ஃபோனில் படம் எடுத்திருந்தால் இது நடக்காது. ஆனால் உடனே பிரிக்க ஓட வேண்டாம். பழைய பிளேட்டுக்கு வைத்த கம்பி நீளமே இன்னும் இருந்தால் சும்மா போகும் தூரம் கூடி, கிளச் விடாது. முதலில் அடிக்கோலை எடுங்கள். முதல் நாளில் பாரமில்லாமல் ஓட்டி, ஐம்பது மணி நேரம் வேலை செய்த பிறகு இன்னொரு தரம் தூரத்தை அளந்து சரிசெய்துகொள்ளுங்கள்.